மரப்பட்டி அட்டை

சுற்றுச்சூழல் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தால், மற்றப் பள்ளிகளில் ஆளாளுக்கு முதுகுவலி, மாமியாருக்குச் சீக்கு என்று ஏதாவது சொல்லி நழுவப் பார்ப்பார்கள். கேரளத் தலைநகரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தமிழ் மீடியம் பள்ளியில் மட்டும் இந்தத் தொல்லையே கிடையாது. தலைமையாசிரியர் ஞானசிகாமணி வாசித்து முடிப்பதற்குள் ரெனி டீச்சர் அவர் மேசை முன்னால் வந்து நின்றுவிடுவாள்.

"டீச்சருக்குக் காட்டுப் பிராந்து பிடிச்சிருக்கு" என்பார் அவர், பைத்தியம் என்ற பொருளில். இந்த முறையும் அதையேதான் சொன்னார். "ஆனா இது காடு ஒண்ணும் இல்ல, கேட்டோ. தம்பானூர்ல ஒரு ஹோட்டலுக்க மேல்மாடி. ஏசி உண்டு. பிரியாணி உண்டாம். போதுமா?"

"போதும் சார்" என்றாள் ரெனி.

மரம் மட்டைமேல் அவளுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான ஈகோ கிளப்பை அவள்தான் நடத்துகிறாள். கழிப்பறைக்குப் பின்னால் கிடந்த சின்ன இடத்தில் பிள்ளைகளைக் கொண்டு வண்ணத்துப்பூச்சி வரும் செடிகளாகப் பார்த்து நடவைத்து, களை என்று அதைப் பிடுங்க வந்த பி.டி.ஏ. தலைவரோடு சண்டையும் போட்டிருக்கிறாள். ஆனால் பயிற்சி என்றதும் அவள் ஓடுவது செடிக்காக அல்ல. அவளுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வருடம் போகப் போக, ஆள் கிடைக்காவிட்டாலும் சரி, அவன் பெயராவது தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தாள். ஏனென்றால் அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் பெயர் அவனுக்கும் தெரியாது.

கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். நடந்தது இதுதான். இருபது வருடங்களுக்கு முன்பு, ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது, ரெனி பேப்பாறைக் காட்டில் ஒரு முகாமுக்குப் போனாள். பல பயிற்சி நிலையங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நடத்தியவர் ஒரு தாடிக்கார மாஷ், வாத்தியாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதல் நாளே ஒரு கூடையை நடுவில் வைத்துக்கொண்டு மலையாளத்தில் பிரசங்கம் பண்ணினார். பெயரைச் சொன்னால் மதம் தெரிந்துவிடும், ஜாதி தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் ஆளைப் பார்க்க மாட்டீர்கள், பெயரைத்தான் பார்ப்பீர்கள் என்றார். கூடையிலிருந்து எடுக்கிற சீட்டில் என்ன பிராணி இருக்கிறதோ, முகாம் முடிகிறவரை அதுதான் பெயர். சொந்தப் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருடைய கஞ்சித் தட்டையும் கழுவ வேண்டும். கடைசி நாள் வட்டமாக உட்கார்ந்து, பிராணிப் பெயர் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்ட கமுகம்பாளைத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொருவராகச் சொந்தப் பெயரைச் சொல்லிப் பிரிய வேண்டும். மாஷ் தனக்குக் கரடி என்று வைத்துக்கொண்டார். பொருத்தமாகத்தான் இருந்தது.

ரெனிக்கு வந்தது மரப்பட்டி, அதாவது மரநாய். அவளுக்கு அடுத்தபடி சீட்டெடுத்த ஒல்லிப் பையனுக்கு வந்தது ஈனாம்பேச்சி, நாம் அலங்கு என்றும் எறும்புத்தின்னி என்றும் சொல்கிற பிராணி. மலையாளிகள் வாயில் இந்த இரண்டும் பிரிந்து வருவதே இல்லை. ஏற்ற கோமாளி ஜோடி என்று யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால் இவற்றைத்தான் இழுப்பார்கள். கூட்டம் ஓவென்று கூவியது. ரெனிக்குக் காதுவரை சூடேறிவிட்டது. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு எந்த விளையாட்டானாலும் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டம் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. மறுநாள் காலை, ஒருவர் கண்ணை இன்னொருவர் கட்டி, காட்டுக்குள் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைத் தொடவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். கட்டை அவிழ்த்த பிறகு அந்த மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்றைக்கும் ஆசிரியர் பயிற்சிகளில் இதைச் செய்கிறார்கள், ஹோட்டல் தூண்களை வைத்துச் செய்கிறார்கள். அவன் தன் தோர்த்துத் துண்டால் ரெனியின் கண்ணைக் கட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வாயே திறக்கவில்லை. வேர் வந்தால் கையை லேசாகத் தூக்குவான், பள்ளம் வந்தால் அழுத்துவான். ஒரு வெண்தேக்கின் வழவழப்பான அடிமரத்தில் அவள் இரண்டு கையையும் வைத்துவிட்டு நின்றவன், திடீரென்று "அம்மாடி!" என்று கத்தினான். அட்டை கடித்துவிட்டது.

ரெனி கண்கட்டோடு சிரித்தாள். "தமிழா?"

"பின்னே? நீயுமா?"

அன்றைக்கு முழுக்க அவர்கள் தமிழில் பேசினார்கள். அவன் நகரத்தில் சாலை என்ற சந்தையில் சுமை தூக்கும் ஒருவரின் மகன் என்பதும், அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பாறசாலைப் பக்கத்துப் பெண் என்று அவளும் சொன்னாள். சாயங்காலம் ஓடைக்கரையில் கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரெனி மெதுவாக விதியை மீறினாள்.

"பேரு சொல்லேன். இங்க ஆரும் இல்ல."

"நாளைக்குச் சொல்லுதேன். கேட்டா நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போ சாரே சிரிச்சிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவாரு. இங்க வந்த பொறகுதான் யாராவது கூப்பிட்டா ஓடி வரணும்னு தோணுது." பானையைக் கவிழ்த்து வைத்தான். "ஈனாம்பேச்சிங்கது எவ்வளவு நல்ல பேரு, இல்ல?"

"சத்தியமா சிரிக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு. உன்னுதும் நாளைக்கே சொல்லு. ரெண்டும் ஒண்ணாச் சொல்லுவோம்."

அந்த நாளை வரவே இல்லை. விடியும் முன்பே பெருமழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி, பாலத்தைத் தொட்டுவிடும் என்று வனத்துறை ஜீப்புகள் வந்தன. பெண்பிள்ளைகள் முதலில் ஏறுங்கள் என்று ஒரே கூச்சல். வட்டமும் இல்லை, பாளை கழற்றுவதும் இல்லை. ரெனியின் ஜீப் நகர்ந்தபோது அவன் யாருடைய பையையோ தலைமேல் வைத்துக்கொண்டு சேற்றில் ஓடிவந்தான். "மரப்பட்டீ!" என்று கூப்பிட்டான். "அடுத்த கேம்ப்ல பாக்கலாம்!" அவளும் கையை ஆட்டினாள். ரெனி என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். இரண்டே எழுத்து. இருபது வருடமாக அந்த இரண்டெழுத்தை நினைத்து அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத மழைநாள் கிடையாது.

தேடாமலும் இல்லை. ஆனால் என்னவென்று போய்க் கேட்பது? ஈனாம்பேச்சியின் முகவரி வேண்டும் என்றா? தன் நிலையத்து மேடத்திடம் ஒருமுறை வாயெடுத்தாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எதற்காம் என்பதுபோல் "எந்தினா?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். கரடி மாஷின் சொந்தப் பெயரும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாலைச் சந்தையில் சுமை தூக்குகிறவர்களைப் பார்த்து, உங்களில் யாருக்கு ஒல்லியாய் ஒரு மகன் என்று கேட்க முடியுமா? எத்தனையோ சனிக்கிழமை காய்கறி வாங்குகிற சாக்கில் அந்தத் தெருவில் நடந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அவனுக்காகத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொன்னால் அது சினிமா. வரன்கள் வந்தன, தட்டிப் போயின. அம்மா படுக்கையில் விழுந்தாள், வருடங்கள் போயின. ஆனாலும் ஒவ்வொரு வரனும் தட்டிப் போனபோது அவளுக்கு லேசாக ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, கேட்டால் சிரிப்பு வரும்படியான பெயர்களாக யோசித்து அவன் முகத்துக்கு ஒட்டிப் பார்ப்பாள். எதுவும் ஒட்டாது. வகுப்பில் யாராவது இன்னொரு பிள்ளையின் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டால் ரெனி டீச்சருக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்குக்கூட அவ்வளவு ஏச்சு விழாது.

அடுத்த கேம்ப்ல பாக்கலாம் என்றான் அல்லவா? அதனால் எல்லாக் கேம்புக்கும் போனாள். காட்டில் நடந்த முகாம்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்து, பிறகு ஹாலுக்குள் வந்து, கடைசியில் ஏசி அறைக்கும் திரையில் ஓடும் படத்துக்கும் வந்து சேர்ந்தன. எங்கே போனாலும், யாராவது பிராணிப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னால் அவள் மரப்பட்டி என்றே சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பானூர் ஹோட்டலின் மேல்மாடியில் அன்றைக்கு ஜில்லாவிலுள்ள தமிழ் மீடியம் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழில் புதிதாக ஒரு சுற்றுச்சூழல் கிட் வந்திருக்கிறது, அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பயிற்சி. வீட்டிலிருந்து ஸ்டீல் டம்ளர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஹோட்டல்காரன் காகிதக் கப்பில் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ரெனி டம்ளரைப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் பூமாரி. செங்கோட்டைப் பெண், சின்ன வயது, பேச்சில் சுறுசுறுப்பு. தென்மலைக்குப் பக்கத்தில் காட்டோரமாக ஓர் இயற்கைக் கல்வி மையம் இருக்கிறது, கிட்டைத் தயாரித்தது அவர்கள்தான், அவள் அங்கே வேலை பார்க்கிறாள். முதல் வேலையாக நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொல்லி, தரையில் ஒரு துணியை விரித்து, பிராணிப் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினாள். ரெனியின் மனம் வழக்கம்போல் ஒரு துள்ளுத் துள்ளியது.

"ஆளுக்கு ஒரு அட்டை எடுக்கணும். சாயந்தரம் வரைக்கும் அதான் உங்க பேரு" என்றாள் பூமாரி. "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. பக்கத்துல இருக்கவங்க கிட்ட சொந்தப் பேரைச் சொல்லிருங்க."

ஆசிரியர்கள் சிரித்தார்கள். எல்லோர் கழுத்திலும் பெயர் எழுதிய பேட்ஜ் தொங்கிக்கொண்டிருந்தது.

"பேட்ஜ் இருந்தாலும் வாயால சொல்லணும். எங்க சாரோட கட்டளை. சொந்தப் பேரைச் சொல்லாம விளையாட்டைத் தொடங்கினா அவருக்குக் கோவம் வந்துரும்."

ரெனி பக்கத்திலிருந்த டீச்சரிடம் "ரெனி" என்றாள். எல்லா இடத்திலும் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பார்கள், இவர்கள் மட்டும் ஏன் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே துணிப்பக்கம் போனாள். இருவாச்சி இருந்தது, மலையணில் இருந்தது, சிங்கவால் குரங்கு இருந்தது. ஓர் ஓரத்தில் செதில் செதிலாக அலங்கு, கீழே சின்ன எழுத்தில் ஈனாம்பேச்சி. அவள் அட்டை மட்டும் இல்லை. குனிந்து இன்னொரு முறை தேடினாள்.

"மரப்பட்டி இல்லியா மக்களே? மரநாய்?"

"அது மட்டும் இல்ல டீச்சர். வேற ஏதாவது எடுத்துக்கிடுங்க."

ரெனி அலங்கை எடுத்துக்கொண்டாள். காலை முழுவதும் எல்லோரும் அவளை ஈனாம்பேச்சி என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவன் வந்துவிட்டானோ என்று வாசலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மத்தியானம் எல்லோரும் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது பூமாரி அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரெனி தன் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இந்தக் காட்டுல எல்லாம் மரப்பட்டி உண்டே. பின்ன அத மட்டும் எதுக்கு விட்டீங்க?"

"அத ஏன் கேக்கீங்க டீச்சர். ஒவ்வொரு தடவை அச்சடிக்கும்போதும் இதான் சண்டை. ஃபாரஸ்ட்காரங்களும் கேட்டுப் பாத்துட்டாங்க. சேச்சியும் சொல்லிப் பாத்தாங்க. சார் ஒத்துக்கவே மாட்டாரு."

"சேச்சியா?"

"சாரோட வீட்டுக்காரங்க. மையத்தை அவங்க ரெண்டு பேருந்தான் நடத்துதாங்க."

"சார் என்ன சொல்லுவாரு?"

பூமாரி சிரித்தாள். "அந்தப் பேரு எடுத்தாச்சும்பாரு. ஏதோ பழைய கேம்ப்ல அது ஒருத்தங்களுக்குப் போயிட்டுதாம். அவங்க இன்னும் திருப்பித் தரலியாம். திருப்பித் தராத பேரை நான் எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கன்னு கேப்பாரு. சொந்தப் பேரை முதல்லயே சொல்லணும்ங்கதும் அதனாலதான். சேச்சி கேலி பண்ணுவாங்க, உங்க மரப்பட்டி வந்தா நானே சோறு போடுதேன்னு."

ரெனி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். தென்மலை. காலையில் பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இத்தனை வருடமும் அவன் அங்கே இருந்திருக்கிறான், அவள் பெயரை யாருக்கும் கொடுக்காமல். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று அவள் நினைக்காமல் இல்லை. எத்தனையோ முறை நினைத்து, மனசைத் தயார் செய்தும் வைத்திருந்தாள். ஆனாலும் சேச்சி என்ற சொல் உள்ளே போய் ஒரு மூலையில் வலித்தது, சோறு போடுகிறேன் என்று சொல்லக்கூடிய நல்ல மனுஷி என்பதால் இன்னும் கொஞ்சம் வலித்தது.

"டீச்சர்? தண்ணி வேணுமா?"

"பேப்பாறைக் கேம்ப்" என்றாள் ரெனி. "அவருக்கு அன்னைக்கு வந்தது ஈனாம்பேச்சி. அட்டை கடிச்சப்ப அம்மாடின்னு கத்தினாரு."

பூமாரியின் கையிலிருந்த கட்டு நழுவி அட்டைகள் தரையெல்லாம் சிதறின. அவள் அதைப் பொறுக்கவில்லை. ரெனியையே பார்த்துக்கொண்டு போனை எடுத்து அழைத்தாள். அழைக்கப்படுபவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதே குரல்.

"பிள்ளைகளைக் கூட்டிட்டு உள்காட்டுக்குப் போயிருக்காரு. சாயந்தரந்தான் டவர் கிடைக்கும்." பூமாரிக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. "டீச்சர், சாரோட பேராவது தெரியுமா உங்களுக்கு?"

ரெனி இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் சொல்லட்டா?"

ரெண்டும் ஒண்ணாச் சொல்லுவோம் என்று அவன் சொல்லியிருந்தான். ஓடைக்கரையில் கவிழ்த்து வைத்த கஞ்சிப்பானை கண்ணுக்குள் வந்தது. ஒன்றாகச் சொல்கிற நாள் போய்விட்டது, இனி வந்தாலும் அது அந்த நாள் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லு."

"எங்க ஊருப் பக்கம் உள்ள பேருதான் டீச்சர். இங்க உள்ளவங்கதான் கேட்டதும் ஒரு மாதிரி..." பூமாரி தயங்கினாள். "சுடலைக்கண்ணு."

மலையாள வகுப்பு ஒன்று ரெனியின் காதில் கேட்டது. வருகைப்பதிவு எடுக்கிற மாஷ் அந்தப் பெயரில் வந்து நிற்கிறார், சுடுகாட்டுக் கண்ணா என்று யாரோ பின்பெஞ்சில் கேட்கிறார்கள், வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது, ஒல்லியாக ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு தானும் சேர்ந்து சிரிக்கிறான். பஸ் நிறுத்தங்களில் அவள் யோசித்த நூறு பெயர்களில் இது இல்லை. இப்போது அவன் முகத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். அப்படியே ஒட்டிக்கொண்டது.

"சுடலைக்கண்ணு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தோளில் கிடந்த முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பூமாரியும் உட்கார்ந்து பொறுக்கினாள்.

"டவர் கிடைச்சதும் சார்கிட்ட சொல்லணும். மரப்பட்டிக்குப் பேரு ரெனி. எனக்க பேரு ரெனின்னு சொன்னாப் போதும். அந்த அட்டைய அடுத்த தடவை அச்சடிச்சுக்கலாம், பிள்ளைகளுக்கு வேணும்."

"நீங்களே பேசுங்க டீச்சர். நம்பர் தாரேன்."

"தா. பேசணும்னு தோணும்போ பேசுவேன்."

நம்பரை வாங்கிக்கொண்டாள். கடைசி அட்டையையும் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நிற்கக் கிளம்பியவள், பாதி ஹாலில் நின்று திரும்பி வந்தாள்.

"பூமாரி, பேரைக் கேட்டப்போ நான் சிரிச்சேனா?"

"இல்லியே டீச்சர்."

"அதையும் சொல்லணும்" என்றாள் ரெனி. "மறந்துராத. முதல்ல அதச் சொல்லு."